எஸ்எஸ்டி வாங்குவது லாபமா? ஹார்ட் டிஸ்க்கின் காத்திருப்புக் கணக்கு

ஏழெட்டு வருடம் ஓடிய லேப்டாப்பில் விண்டோஸ் எழுந்து வருவதற்குள் அடுப்பில் வைத்த பால் பொங்கிவிடும். டெஸ்க்டாப் தெரிந்த பிறகும் பிரௌசர் சட்டென்று திறக்காது. அந்த நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். 'டிஸ்க்' என்ற கட்டத்தில் 100% என்று இருக்கும். அதே வரியில் வேகம் எவ்வளவு என்று பார்த்தால் நொடிக்கு 1 எம்பியோ 2 எம்பியோதான். நொடிக்கு 100 எம்பி படிக்கக்கூடிய டிஸ்க், நூறில் ஒரு பங்கு வேலையிலேயே திணறி நிற்கிறது.

இது ஏன் என்று புரிந்துவிட்டால், சுழலும் தட்டுக்குப் பதிலாகச் சிப்புகளில் தகவலை வைக்கும் எஸ்எஸ்டி எங்கே அவசியம், எங்கே காசுக்குக் கேடு என்பதை நீங்களே முடிவு செய்துவிடலாம்.

இப்போது இந்தக் கேள்வி பலரையும் குழப்புவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு முடிந்தது. பழைய கணினியைத் தேற்றுவதா, புதிது வாங்குவதா என்ற யோசனை வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. அதே சமயத்தில் மெமரி சிப்புகளின் விலையும் ஏறத் தொடங்கியது. மலிவாகிக்கொண்டே வரும் பொருள் என்று நாம் நினைத்திருந்த எஸ்எஸ்டி திடீரென்று கையைக் கடிக்கிறது. இந்த விலைக்கு வாங்கலாமா, பேசாமல் ஹார்ட் டிஸ்க்கே போதுமா? அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் நடப்பது என்ன?

ஹார்ட் டிஸ்க் ஓர் இயந்திரம். காந்தப் பூச்சு பூசிய வட்டத் தட்டு உள்ளே சுழல்கிறது. ஒரு கை அதன் மேல் உள்ளும் வெளியுமாக நகர்கிறது. கையின் நுனியில் இருக்கும் ஹெட் காந்தப் புள்ளிகளைப் படிக்கிறது, எழுதுகிறது. 1956-இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து கொண்ட தகவல் இன்றைய செல்போன் புகைப்படம் ஒன்று இரண்டுக்குத்தான் காணும். அன்றிலிருந்து தட்டு சிறுத்தது, புள்ளிகள் நுணுகின, ஆனால் சுழலும் தட்டும் நகரும் கையும் மாறவில்லை.

இன்றைய டிஸ்க்கில் ஹெட்டுக்கும் தட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான், மயிரிழையின் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பை மேஜையில் 'டொக்'கென்று வைத்தால் டிஸ்க் ஏன் பாழாகிறது என்பது இதிலிருந்தே விளங்கும்.

ஒரு தகவலை எடுக்க இந்த இயந்திரம் இரண்டு முறை காத்திருக்க வேண்டும்.

1. கை சரியான தடத்துக்கு நகர வேண்டும். லேப்டாப் டிஸ்க்கில் இதற்குச் சராசரியாகச் சுமார் 12 மில்லி செகண்ட் பிடிக்கும்.

2. வேண்டிய இடம் ஹெட்டுக்குக் கீழே சுழன்று வர வேண்டும். நிமிடத்துக்கு 5400 சுற்று என்றால் நொடிக்கு 90 சுற்று, ஒரு சுற்றுக்கு 11.1 மில்லி செகண்ட். சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க நேரும். அது 5.6 மில்லி செகண்ட்.

இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 18 மில்லி செகண்ட். அதாவது ஒரு நொடியில் இந்த டிஸ்க் 55 அல்லது 60 இடங்களுக்குத்தான் போய் வர முடியும். ஒவ்வொரு இடத்திலும் 4 கேபி அளவுள்ள துணுக்கு ஒன்றைப் படிக்கிறது என்று வைத்துக்கொண்டால், நொடிக்குக் கிடைப்பது 240 கேபிக்குள். துணுக்குகள் கொஞ்சம் பெரிதாக இருந்தால் 1 எம்பி, 2 எம்பி. டாஸ்க் மேனேஜரில் பார்த்த எண் இதுதான். டிஸ்க் சும்மா இருக்கவில்லை. அதன் நேரமெல்லாம் கையை நகர்த்துவதிலும் தட்டு சுழன்று வரக் காத்திருப்பதிலுமே போய்விடுகிறது.

சரி, அப்படியானால் நொடிக்கு 100 எம்பி என்ற கணக்கு பொய்யா? பொய்யில்லை. ஒரு சினிமாவைக் காப்பி செய்யும்போது, அதன் தகவல் ஒரே தொடர்ச்சியாகத் தட்டில் கிடந்தால், கை நகராமலே வரிசையாகப் படித்துக்கொண்டே போகலாம். அப்போது 100 எம்பியும் வரும், மேஜைக் கணினிக்கான புது டிஸ்க்கில் 200 எம்பிகூட வரும்.

மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூட்டை அரிசி வேண்டும் என்றால் கடைப் பையன் கிடங்குக்கு ஒரே நடை போய் தோளில் தூக்கி வந்துவிடுவான். ஆனால் சீட்டில் கடுகு 50 கிராம், பெருங்காயம் ஒரு டப்பி, பட்டை, லவங்கம் என்று அறுபது சில்லறைச் சாமான் எழுதியிருந்து, ஒவ்வொன்றுக்கும் அவன் தனித்தனியாகக் கிடங்குக்கு நடந்தால்? எடை என்னவோ மூட்டையில் பாதிகூட இருக்காது. நேரம்தான் மணிக்கணக்காகும். விண்டோஸ் எழுந்து வருவது, பிரௌசர் திறப்பது, ஆன்ட்டி வைரஸ் சோதிப்பது, பின்னணியில் அப்டேட் இறங்குவது எல்லாமே சில்லறைச் சாமான் சீட்டுகள். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள், வெவ்வேறு மூலைகளில்.

எஸ்எஸ்டி எங்கே வேறுபடுகிறது?

எஸ்எஸ்டியில் அசையும் பாகமே கிடையாது. தகவலை ஃப்ளாஷ் மெமரி சிப்புகளின் நுண்ணறைகளில் மின்னூட்டமாகச் சிறைப்பிடித்து வைக்கிறது. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோக்கா 1980-களில் கண்டுபிடித்த தொழில்நுட்பம் இது. இன்று பென் டிரைவ், மெமரி கார்டு, செல்போன், எஸ்எஸ்டி எல்லாவற்றிலும் இருப்பது அவருடைய குழு 1987-இல் அறிமுகப்படுத்திய நாண்ட் வகைதான்.

நகர வேண்டிய கையும் சுழல வேண்டிய தட்டும் இல்லாததால் ஒரு துணுக்கை எடுக்க ஆகும் நேரம் ஏறக்குறைய 0.1 மில்லி செகண்ட். ஹார்ட் டிஸ்க்கின் 18 மில்லி செகண்டோடு ஒப்பிட்டால் 180 மடங்கு குறைவு. நொடிக்கு 60 நடை போன பையனுக்குப் பதில் 10,000 நடை போகும் பையன். பழைய கணினி புதுசு மாதிரி ஓடுகிறது என்று எஸ்எஸ்டி மாற்றியவர்கள் சொல்வது இந்த வித்தியாசத்தைத்தான்.

ஆனால் ஃப்ளாஷுக்கு ஒரு விசித்திரமான கட்டுப்பாடு உண்டு. வாங்கும்போது நீங்கள் பார்க்கும் அத்தனை கலைச்சொற்களும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. எழுதிய இடத்தின் மேலேயே திருப்பி எழுத முடியாது. அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். எழுதுவது 'பக்கம்' என்ற சிறு அலகுகளாக நடக்கும், அழிப்பதோ பக்கம் பக்கமாக முடியாது, நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட ஒரு தொகுதியை மொத்தமாகத்தான் அழிக்க முடியும். ஒற்றை எழுத்தை மட்டும் துடைக்க முடியாத சிலேட்டு. துடைத்தால் முழுதும் போகும். அதோடு ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் சிலேட்டு கொஞ்சம் தேயும்.

இதைச் சமாளிக்க எஸ்எஸ்டிக்குள் கன்ட்ரோலர் என்ற குட்டிக் கணினி ஒன்று ஓயாமல் வேலை பார்க்கிறது. ஒரே தொகுதி தேய்ந்துபோகாமல் எழுத்து வேலையை எல்லாத் தொகுதிகளுக்கும் பகிர்ந்து கொடுக்கிறது. செல்லாத பக்கங்களை ஒதுக்கி, செல்லுபடியாகும் பக்கங்களை வேறிடம் மாற்றி, தொகுதிகளை அழித்துத் தயாராக வைக்கிறது. எந்தப் பக்கம் இனி வேண்டாம் என்று விண்டோஸ் இதற்குச் சொல்லும் கட்டளைக்கு டிரிம் என்று பெயர். விண்டோஸ் 7 முதல் இந்த வசதி இருக்கிறது.

நடைமுறையில் இதற்கு இரண்டு விளைவுகள். எஸ்எஸ்டியை முழுக்க நிரப்பி வைக்கக் கூடாது. கன்ட்ரோலருக்கு இடம் மாற்ற இடம் வேண்டும், பத்துப் பதினைந்து சதவீதம் காலியாக விடுவது நல்லது. அடுத்து, சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளைச் சேர்த்து அடுக்க ஹார்ட் டிஸ்க்குக்குச் செய்த டீஃப்ராக்மெண்ட் வேலை இங்கே வேண்டாம். எங்கே கிடந்தாலும் எடுக்க ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். வரிசைப்படுத்துவதால் தேய்மானம்தான் மிச்சம்.

ஓர் அறைக்குள் எத்தனை பேர்?

விலை குறைந்த எஸ்எஸ்டிக்கும் கூடியதற்கும் உள்ள முக்கிய வித்தியாசம் இங்கே இருக்கிறது. ஒரு நுண்ணறையில் ஒரு பிட் (0 அல்லது 1) மட்டும் வைத்தால் எஸ்எல்சி. அறையில் மின்னூட்டம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் போதும், இரண்டே நிலைகள். மூன்று பிட் வைத்தால் டிஎல்சி, எட்டு நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். நான்கு பிட் வைத்தால் கியூஎல்சி, பதினாறு நிலைகள். அறைக்குள் கூட்டம் ஏற ஏற ஜிபிக்கு ஆகும் விலை குறையும். எழுதும் வேகமும் ஆயுளும் சேர்ந்து குறையும்.

இதை மறைக்க எல்லாக் கம்பெனிகளும் ஓர் உத்தியைக் கையாளுகின்றன. காலியாக இருக்கும் அறைகளில் ஒரு பகுதியைத் தற்காலிகமாக எஸ்எல்சி போல, அறைக்கு ஒரு பிட் வைத்து, வேகமாக எழுதிக்கொள்வார்கள். பிறகு ஓய்வு கிடைக்கும்போது சுருக்கி அடுக்குவார்கள். சின்னக் கோப்புகளை எழுதும்வரை இது உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒரே மூச்சில் 200 ஜிபி கல்யாண வீடியோவை ஏற்றிப் பாருங்கள். முதலில் வேகமாகப் போகும், அந்தத் தற்காலிக இடம் நிரம்பியதும் சட்டென்று விழும். மலிவான கியூஎல்சி வகைகளில் இது நொடிக்கு 100 எம்பிக்கும் கீழே போவதுண்டு. அந்த இடத்தில் நல்ல ஹார்ட் டிஸ்க்கே அதைவிட வேகம். பெரிய கோப்புகளை அடிக்கடி ஏற்றி இறக்குபவர்கள் டிஎல்சி என்று உறுதி செய்துகொண்டு வாங்குவது நல்லது. பாட்டு, பிரௌசர், ஆபீஸ் வேலை என்று இருப்பவர்களுக்குக் கியூஎல்சியும் பாதகமில்லை.

தேய்ந்துபோகும் என்ற பயம்

'எஸ்எஸ்டியில் எழுதி எழுதித் தீர்ந்துவிடும், ஹார்ட் டிஸ்க்தான் உழைக்கும்' என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். ஒவ்வொரு எஸ்எஸ்டிக்கும் அதன் ஆயுளில் மொத்தம் எவ்வளவு எழுதலாம் என்று கம்பெனி ஓர் அளவு தரும். டிபிடபிள்யூ என்று பட்டியலில் இருக்கும். உதாரணமாக, சாம்சங் 870 ஈவோ 1 டிபி வகைக்கு 600 டிபி.

1. வீட்டுக் கணினியில் ஒரு நாளைக்கு 30 ஜிபி எழுதப்படுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 600 டிபி தீர 20,000 நாள் ஆகும், கிட்டத்தட்ட 55 வருடம். அதற்குள் கணினியே ஏழெட்டு முறை மாறியிருக்கும்.

2. கடையில் நான்கு சிசிடிவி கேமரா. ஒவ்வொன்றும் நொடிக்கு 2 மெகாபிட் அனுப்பினால் நான்கும் சேர்ந்து நொடிக்கு 8 மெகாபிட், அதாவது 1 எம்பி (8 பிட் சேர்ந்தால் ஒரு பைட்), நாளைக்கு 86 ஜிபி. 600 டிபி தீரச் சுமார் 19 வருடம்.

3. பதினாறு கேமரா, ஒவ்வொன்றும் 4 மெகாபிட். நொடிக்கு 8 எம்பி, நாளைக்கு 691 ஜிபி. இப்போது 600 டிபி இரண்டரை வருடத்துக்குள் தீர்ந்துவிடும்.

மூன்றாவது கணக்கில் மட்டும்தான் தேய்மானம் உண்மையான பிரச்சினை. அங்கேயும் 1 டிபி என்பது ஒன்றரை நாள் பதிவுக்குத்தான் வரும். ஒரு மாதப் பதிவு வேண்டும் என்றால் 20 டிபிக்கு மேல் தேவை, எஸ்எஸ்டியை நினைத்தே பார்க்க முடியாது. நொடிக்கு 8 எம்பி, அதுவும் பெரும்பாலும் தொடர்ச்சியாக எழுதுவது ஹார்ட் டிஸ்க்குக்குச் சாதாரண வேலை. சிசிடிவிக்கென்றே நாள் முழுதும் ஓடும்படி செய்யப்பட்ட ஹார்ட் டிஸ்க் வகைகள் கிடைக்கின்றன. அங்கே அதுதான் சரி.

சாட்டாவா, என்விஎம்இயா?

எஸ்எஸ்டி விளம்பரங்களில் கண்ணைப் பறிப்பது வேக எண்தான். ஹார்ட் டிஸ்க்குகளும் பயன்படுத்தும் பழைய இணைப்பான சாட்டா வகை நொடிக்கு 550 எம்பி. அது சாட்டா கம்பியின் உச்சவரம்பு, எந்தக் கம்பெனியும் தாண்ட முடியாது. என்விஎம்இ வகைகள் கணினியின் பிசிஐஇ பாதையில் நேரடியாக ஓடுவதால் மூன்றாம் தலைமுறையில் 3,500, நான்காம் தலைமுறையில் 7,000 என்று போகும். ஐந்தாம் தலைமுறை 10,000-ஐத் தாண்டிவிட்டது.

இந்த எண்களெல்லாம் அரிசி மூட்டைக் கணக்கு. சில்லறைச் சாமான் கணக்கில், ஒரு நேரத்தில் ஒரு 4 கேபி துணுக்கு என்று படிக்கும்போது, சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 30 முதல் 40 எம்பி தரும், நல்ல என்விஎம்இ 60 முதல் 90 எம்பி வரை தரும். விளம்பரத்தில் 12 மடங்காகத் தெரிந்த இடைவெளி இங்கே இரண்டு மடங்காகச் சுருங்கிவிடுகிறது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்குப் போவது நூறு மடங்குக்கும் மேலான தாவல். அதற்குப் பிறகு வருவதெல்லாம் சின்னச் சின்னப் படிகள்.

அதனால் என்விஎம்இ வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. புதுக் கணினியில் அதற்கான இடம் இருக்கிறது, விலையிலும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை, வாங்கிக்கொள்ளலாம். பழைய லேப்டாப்பில் சாட்டா மட்டும்தான் போடமுடியும் என்று வருத்தப்படாதீர்கள் என்பதுதான் சொல்ல வந்தது. சாட்டாவின் பழைய இரண்டாம் தலைமுறை போர்டில் வேகம் பாதியாகக் குறைந்தாலும் காத்திருப்பு நேரம் மிச்சமாவது மிச்சம்தான்.

கரண்ட் போனால், கீழே விழுந்தால், செத்துப்போனால்

கீழே விழுவதில் எஸ்எஸ்டிக்குத்தான் வெற்றி. பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸிலும் பைக்கிலும் திரியும் லேப்டாப்புக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

மின்வெட்டு விஷயத்தில் இரண்டுமே முழுப் பாதுகாப்பில்லை. ஹார்ட் டிஸ்க்கில் மின்சாரம் போன கணத்தில் சுழலும் தட்டின் வேகத்திலிருந்தே சக்தி எடுத்து ஹெட் தன் நிறுத்தத்துக்குப் போய்விடும். அடிக்கடி அப்படி நடந்தால் தேய்மானம் கூடும். எஸ்எஸ்டியில் எழுதிக்கொண்டிருந்த தகவல் பாதியில் நின்று போகலாம். திடீர் மின்தடையைத் தாங்கும் கெப்பாசிட்டர்கள் பெரும்பாலும் சர்வருக்கான விலை உயர்ந்த வகைகளில்தான் இருக்கின்றன. மேஜைக் கணினியாக இருந்தால் எதைப் போட்டாலும் யுபிஎஸ் வேண்டும். லேப்டாப்புக்கு அதன் பேட்டரியே யுபிஎஸ். பேட்டரி செத்த லேப்டாப்பை வயரில் மட்டுமே ஓட்டுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சாவதில் இரண்டுக்கும் குணம் வேறு. ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் சொல்லிவிட்டுப் போகும். 'டிக் டிக்' என்று சத்தம் வரும், கோப்பு திறக்கத் தாமதமாகும், சில கோப்புகள் மட்டும் படிக்காது. அந்த அவகாசத்தில் முக்கியமானதை எடுத்துவிடலாம். எஸ்எஸ்டியோ நேற்று இரவு நன்றாக ஓடியிருக்கும், காலையில் டிரைவ் இருப்பதாகவே கணினி சொல்லாது. கன்ட்ரோலர் போய்விட்டால் மீட்பது கடினம், செலவும் அதிகம். தவறுதலாக அழித்த கோப்பை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மீட்டுவிடுவது பல சமயம் நடக்கும். எஸ்எஸ்டியில் டிரிம் ஓடிவிட்டால் அது பெரும்பாலும் போனது போனதுதான்.

இதனால் எஸ்எஸ்டி நம்பக்கூடாதது என்று ஆகிவிடாது. காப்பி எடுத்து வைக்கும் பழக்கம் இல்லாதவர்கள் எஸ்எஸ்டி போட்ட அன்றே அந்தப் பழக்கத்தையும் ஆரம்பிக்க வேண்டும் என்று ஆகிறது. முக்கியமான எதற்கும் மூன்று பிரதி, இரண்டு வேறு வகைச் சாதனங்களில், ஒன்று வீட்டுக்கு வெளியே.

விலை ஏன் இப்படி ஆடுகிறது?

ஹார்ட் டிஸ்க் இயந்திரம் என்பதால் அதற்கு ஓர் அடிவிலை உண்டு. மோட்டார், கை, ஹெட், உறை எல்லாம் 500 ஜிபிக்கும் வேண்டும், 1 டிபிக்கும் வேண்டும். அளவைக் குறைத்தால் விலை அந்த விகிதத்தில் இறங்காது. 250 ஜிபியில் புது ஹார்ட் டிஸ்க்கைக் கடைகளில் இப்போது பார்க்க முடியாததற்கு இதுதான் காரணம். எஸ்எஸ்டியின் விலையோ பெரும்பாலும் சிப்புகளின் விலை. கொள்ளளவைக் கூட்டினால் ஏறும், குறைத்தால் இறங்கும். சின்ன அளவில் எஸ்எஸ்டி பக்கம் நியாயம் அதிகம், 4 டிபி, 8 டிபி என்று போகப் போக ஹார்ட் டிஸ்க் பக்கம் அதிகம்.

அப்புறம், சிப்பு விலை சந்தையோடு சேர்ந்து ஆடும். 2022 கடைசியிலும் 2023-லும் ஃப்ளாஷ் சிப்புகள் தேங்கிக் கிடந்தன. விலை சரிந்தது, கம்பெனிகள் உற்பத்தியைக் குறைத்தன. 2025-இன் பிற்பகுதியில் நிலைமை தலைகீழானது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளத் தொடங்கின. 2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் குருஷியல் என்ற தன் சில்லறை வணிகத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது. நம்மூர்க் கடைகளில் நெடுநாள் பழகிய பெயர் அது. தயாரிக்கும் சிப்பை நமக்கு விற்பதைவிடப் பெரிய வாடிக்கையாளருக்கு விற்பது அவர்களுக்கு லாபம்.

ஹார்ட் டிஸ்க்கும் இந்த ஆட்டத்துக்கு விலக்கல்ல. உலகத்தில் ஹார்ட் டிஸ்க் தயாரிப்பவை இப்போது சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என்ற மூன்றே நிறுவனங்கள். 2011-இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து ஆலைகள் மூழ்கியபோது உலகம் முழுக்க ஹார்ட் டிஸ்க் விலை எகிறியது நினைவிருக்கலாம்.

விலை ஏறியிருக்கும் காலத்தில் ஒரே வழி, கொள்ளளவில் சிக்கனம். 1 டிபி எஸ்எஸ்டி வாங்க முடியவில்லை என்று ஹார்ட் டிஸ்க்கிலேயே தங்கிவிடுவதைவிட 256 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸை வைத்துக்கொண்டு படமும் பாட்டும் பழைய டிஸ்க்கில் கிடக்கட்டும் என்று விடுவது எவ்வளவோ மேல்.

யாருக்கு எது?

1. ஹார்ட் டிஸ்க்கோடு வந்த பழைய லேப்டாப். தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் பல வீடுகளில் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. தொடக்க ஆண்டுகளில் வந்தவை ஹார்ட் டிஸ்க்கோடு வந்தவை. அதைப்போன்ற எதற்கும் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டிதான் முதல் செலவாக இருக்க வேண்டும். ரேம் 4 ஜிபிக்கும் குறைவாக இருந்தால் அதையும் கூட்டுங்கள். ரேம் போதாமல் போனால் விண்டோஸ் டிஸ்க்கைத்தான் ரேமாகப் பயன்படுத்தும், அது தேவையில்லாத தேய்மானம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: எஸ்எஸ்டி போட்டதால் விண்டோஸ் 11-க்குத் தகுதி வந்துவிடாது. அதற்கு பிராசஸரும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். தகுதியில்லாத கணினிக்கு லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்று நல்ல வழி, எஸ்எஸ்டியில் அது சுறுசுறுப்பாகவே ஓடும்.

2. புதுக் கணினி. ஹார்ட் டிஸ்க் மட்டும் உள்ளதை வாங்கவே வாங்காதீர்கள். பிராசஸரில் ஒரு படி இறங்கினாலும் பரவாயில்லை, எஸ்எஸ்டி இருக்க வேண்டும்.

3. போட்டோ, வீடியோ ஸ்டுடியோ. இரண்டும் வேண்டும். எடிட் செய்துகொண்டிருக்கும் வேலை டிஎல்சி எஸ்எஸ்டியில், முடித்துக் கொடுத்த கல்யாணங்கள் ஹார்ட் டிஸ்க்கில், அதுவும் இரண்டு டிஸ்க்குகளில்.

4. சிசிடிவி, சேமிப்புக் கிடங்கு. ஹார்ட் டிஸ்க். வாங்கும்போது எஸ்எம்ஆரா சிஎம்ஆரா என்று பாருங்கள். எஸ்எம்ஆர் வகையில் தடங்கள் கூரை ஓடு போல ஒன்றன் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும், ஒன்றைத் திருத்தினால் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். சிஎம்ஆரில் தடங்கள் தனித்தனியாக இருக்கும். ஒரு முறை எழுதி வைத்துவிடுவதற்குச் சரி, அடிக்கடி மாற்றி எழுதும் இடத்தில் மந்தமாகிவிடும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் சில டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் என்பது வாங்கியவர்களுக்குத் தெரியாமலே இருந்து, 2020-இல் பெரிய சர்ச்சையானது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

எம்.2 என்பது வடிவத்தின் பெயர்தான், வேகத்தின் பெயர் இல்லை. 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் உள்ள அதே சீவல் சாட்டாவாகவும் இருக்கலாம், என்விஎம்இயாகவும் இருக்கலாம். உங்கள் கணினியின் எம்.2 இடம் எதை ஏற்கும் என்று மாடல் பெயரை வைத்துத் தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். பாதிப் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். சில மலிவு லேப்டாப்புகளில் சேமிப்புச் சிப்பு போர்டிலேயே ஒட்டியிருக்கும், அதை மாற்ற முடியாது.

அதைவிடப் பெரிய ஆபத்து போலிகள். ஆன்லைனில் 8 டிபி, 16 டிபி வெளிப்புற எஸ்எஸ்டி என்று ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்குப் போட்டிருப்பார்கள். உறையைப் பிரித்தால் உள்ளே சின்னதாக ஒரு மெமரி கார்டு இருக்கும். கொள்ளளவு பொய்யாகக் காட்டும்படி திருத்தியிருப்பார்கள். விண்டோஸும் அதை நம்பி 16 டிபி என்றே காட்டும். கோப்புகள் ஏறிக்கொண்டே போகும். உண்மையான இடம் தீர்ந்த பிறகு ஏறியவை எல்லாம் காற்றில் எழுதியவை. பெயர்கள் பட்டியலில் தெரியும், திறந்தால் எதுவும் இருக்காது. வாங்கிய உடனே எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற இலவச மென்பொருளால் முழுதும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். 1 டிபி வாங்கி விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டினால் பயப்பட வேண்டாம். கம்பெனி ஆயிரங்களில் எண்ணுகிறது, விண்டோஸ் 1024-களில் எண்ணுகிறது.

கழற்றிய பழைய டிஸ்க்

எஸ்எஸ்டி போட்டுவிட்டுப் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடைக்குப் போட வேண்டாம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதன் உடல்நிலையைப் பாருங்கள். 'நல்லது' என்று காட்டி, பழுதாகி மாற்றியமைத்த செக்டர்களின் (தட்டின் சிறு பகுதிகளின்) எண்ணிக்கையும் பூஜ்யமாக இருந்தால், சில நூறு ரூபாய் யுஎஸ்பி உறை ஒன்றில் போட்டுக் காப்பி வைக்கும் டிஸ்க்காகப் பயன்படுத்தலாம். எஸ்எஸ்டியை அப்படி மின்சாரமே காட்டாமல் வருடக்கணக்கில் அலமாரியில் பூட்டி வைப்பது சரிவராது, மின்னூட்டம் மெல்லக் கசியும். எழுதும் ஆயுள் முழுதும் தீர்ந்த ஒரு வீட்டுப் பயன்பாட்டு எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருடம் தகவலைத் தாங்க வேண்டும் என்பதுதான் தொழில்துறையின் தரவிதி. புது எஸ்எஸ்டி அதைவிட நெடுநாள் தாங்கும். ஆனாலும் சித்திரை வெயிலில் நம் அலமாரிக்குள் 30 டிகிரி நிற்பதில்லை. குழந்தையின் முதல் வருடப் படங்களும் வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் பிரதிகளும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி இருக்கட்டும். மாதம் ஒருமுறை செருகி, புதியதை ஏற்றி, பழையதில் நாலைந்து படத்தைத் திறந்து பார்த்துவிட்டு, அதிராமல் எடுத்து வையுங்கள்.